இல்லாத ராஜாவின் காலம்

பெங்களூரில் பொம்மசந்திரா போகும் காலை மெட்ரோவில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு இரண்டு பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒருத்தி இப்படிச் சொன்ன பிறகு காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எனக்கு ஹஸ்பண்ட் இருந்தது ச்வியெச்செக் ராஜா காலத்துலன்னு சொல்லிட்டேன்பா."

"யாருடி அந்த ராஜா?"

"போலந்து டீம்ல ஏவா இருக்காளே, அவ சொல்ற பேச்சு. அரதப்பழசா ஒரு ப்ரோகிராம் கோடு கண்ல பட்டா போதும், இது ச்வியெச்செக் ராஜா காலத்துதும்பா. அப்படி ஒரு ராஜாவே கிடையாதாம்."

"எங்கப்பா ஓபிராயன் காலம்பாரே, அந்த மாதிரியா?"

"அதேதான். நேத்து வீடியோ கால்ல, உனக்கு ஹஸ்பண்ட் இருக்காரான்னு கேட்டா. இருந்தார், ச்வியெச்செக் ராஜா காலத்துலன்னேன். சிரிச்சுட்டு வேலைக்குத் திரும்பிட்டா. நம்மாளுங்கன்னா எப்போ, ஏன், யார் மேல தப்புன்னு குடைஞ்சு எடுத்திருப்பாங்க. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

எலக்ட்ரானிக் சிட்டியில் பாதிப் பெட்டி காலியானது. இருவரும் உட்கார்ந்தார்கள்.

"போன தீபாவளிக்குத்தானேடி அந்த வீட்ட விட்டு வந்தே?"

"ம்."

"கோர்ட்டு எப்போ?"

"வர்ற வியாழக்கிழமை."

"நானும் லீவு சொல்லிடறேன்."

"நீ எதுக்குப்பா?"

"இல்லாத ராஜாவ நேர்ல பாக்க நீ தனியாவா போவே?"