பொறுப்பாளர் என்ற கட்டம்

நான் பயந்த சுபாவம், ஐயா. வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூட என் மனைவிதான் அடிப்பாள். நான் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்வேன். கையெழுத்துப் போடுவதென்றால் அதைவிடப் பயம். கூரியர்க்காரர் நோட்டை நீட்டினாலும், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி அவளைத்தான் கூப்பிடுவேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

எங்களுடையது சின்ன சலவைக்கூடம். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவியில் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறோம். பின்னறையில் பாய்லர். அதன் தலையில் ஒரு சேஃப்டி வால்வு. உள்ளே அழுத்தம் ஏறினால் அது தானே திறந்து சீறும், ஆவி வெளியே போய்விடும். போன மழைக்காலத்தில் அது அடிக்கடி சீற ஆரம்பித்தது. சீறும்போதெல்லாம் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். அக்கம்பக்கத்தில் புகார் கொடுப்பார்கள், யாராவது சோதனைக்கு வருவார்கள், என் பெயரைக் கேட்பார்கள். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால் அவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வால்வின் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கம்பி பளிச்சென்று தெரிந்தது. பாய்லருக்கு அடித்திருந்த அதே வெள்ளி பெயிண்டை அதன்மேலும் அடித்தேன். சத்தம் நின்றுவிட்டது. பயம் மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் ஆடிட்டரிடம் போனேன். லிமிடெட் கம்பெனி என்றால் என்னவென்று அவர்தான் விளக்கினார்.

"கம்பெனின்னா தனி ஆள் மாதிரி சார். நஷ்டமோ கேஸோ, எது வந்தாலும் அது தலையிலதான். உங்க வீட்டு வாசப்படிய ஒருத்தரும் மிதிக்க முடியாது."

"யாருக்காவது உயிர் போயிட்டா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சார், காலங்காத்தால இப்படிக் கேக்கறீங்க? அப்படி ஏதாவது ஆச்சுன்னா, பாதுகாப்புக்குப் பொறுப்பாளர்னு இந்தக் கட்டத்துல யார் பேர் இருக்கோ, அவரைத்தான் தேடுவாங்க."

சின்னக் கட்டம். ஒரு பெயர்தான் கொள்ளும்.

மச்சானின் பெயரைச் சொன்னேன். என் மனைவியின் அண்ணன். வேலை போய் ஒரு வருடமாக எங்கள் வீட்டில் இருந்தார். சாப்பிடும்போது தலை நிமிரவே மாட்டார். கம்பெனி டைரக்டர், பொறுப்பாளர் என்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. "எனக்கும் ஒரு மரியாதையைக் குடுத்துட்ட மாப்பிள்ளை" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். மனைவி சமையலறையில் போய் அழுதாள், சந்தோஷத்தில்.

இஸ்திரி போடுகிற அக்கா அவரைச் சும்மா விடவில்லை. "டைரக்டர் சார், ஷூட்டிங் எப்போ? ஹீரோயின் இங்க வேர்த்து வழிஞ்சிட்டு நிக்கிறேன்."

"உன்ன வெச்சுப் படம் எடுத்தா தியேட்டர்காரன் என்னைத் தேடி வந்து உதைப்பான். வேலையப் பாரு."

அவர் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். தினமும் முதல் ஆளாக வந்து, பாய்லர் பக்கத்தில் நின்று, மீட்டரில் முள் எங்கே நிற்கிறதென்று ஒரு நோட்டில் எழுதுவார். "நான் வந்ததுலேர்ந்து சீறவே மாட்டேங்குது பாத்தியா? இரும்புக்குக்கூட ஆள் தெரியுது" என்றார். நானும் சிரித்தேன்.

கம்பியை அவிழ்த்திருக்கலாமே என்பீர்கள். அவிழ்த்தால், கட்டியது நான் என்று ஆகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பாய்லர் முனக ஆரம்பித்தது. தரை வழியாக என் பாதத்துக்கு அது வந்தது. பின்னறையிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, முள்ளு சிவப்பைத் தாண்டிடுச்சு. கொஞ்சம் வந்து பாரேன்."

"இதோ வரேன் மச்சான்" என்றேன்.

பிறகு அக்காவிடம், "வண்டியில துணி வந்திருக்கு, வாங்க இறக்கலாம்" என்று சொல்லி அவரைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளேயிருந்து மச்சான் இன்னொரு முறை கூப்பிட்டார். "எங்கப்பா வண்டி? ஒண்ணையும் காணோமே" என்று அக்கா கேட்டு வாய் மூடவில்லை, பின்பக்கத்துச் சுவர் போய்விட்டது.

ஒரு உயிரைக் காப்பாற்றினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மச்சானையும் வெளியே கூப்பிட்டிருக்கலாம்தான். ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டிருப்பார். எதையும் நோட்டில் எழுதி வைக்கிற மனிதர்.

விசாரணைக்கு வந்தவர்கள் பொறுப்பாளர் யார் என்று கேட்டார்கள். தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, பாவம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று ஆடிட்டர் சொன்னதும் என் மனைவிதான் முன்வந்தாள். "அண்ணன் இருந்த எடம். நானே பாத்துக்கறேங்க" என்றாள். இப்போது புது பாய்லர் பக்கத்தில், புது நோட்டோடு, தினமும் காலையில் அவள்தான் நிற்கிறாள்.

இடிபாட்டில் கிடைத்ததென்று வெள்ளி பெயிண்ட் ஒட்டிய கம்பித் துண்டை மேசைமேல் வைத்தீர்கள். ஆமாம், கட்டியது நான்தான். முனகலைக் கேட்டதும், கேட்டுவிட்டு வெளியே போனதும் நான்தான். வாயால் சொல்வதில் எனக்குப் பயமில்லை, ஐயா.

ஆனால் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டு, அடியில் கையெழுத்துக் கேட்கிறீர்கள். என் கையைப் பாருங்கள், எப்படி நடுங்குகிறதென்று. வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். பொறுப்பாளர் அவள்தான். தாளை அவளிடம் கொடுங்கள். நான் கொடுக்கச் சொன்னேன் என்றால், படித்துப் பார்க்காமலே போட்டுவிடுவாள்.