முதுகு திறக்கிற போன்

— போனுக்கு நாலு கேமராக் கண்ணு இருக்குன்னு எழுதியிருக்கியே, நாலாவது கண்ணுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லன்னு எழுதலயா?

— அக்கா, அது போன வருஷ போன். இது புதுசு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குத்தான் வெளியவே வருது.

— போன வருஷத்த நான்தானே திறந்து பார்த்தேன். வட்டமா ஒரு கண்ணாடி, அதுக்குக் கீழ கறுப்பு ஸ்டிக்கர். அவ்வளவுதான். வாங்கினவர் இங்க கவுண்டர்ல சாஞ்சுக்கிட்டு, 'இந்தக் கண்ணுலதாங்க தூரத்துல இருக்கறது பளிச்சுன்னு தெரியுது'ங்கறார். ரிப்பேர் கடைக்காரி நான் என்னத்தச் சொல்ல? ஆமாங்க, தெரியும்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— இதுல நாலும் நிஜக் கண்ணு. சத்தியமா.

— அப்ப அதையே எழுதிடு. 'இந்தத் தடவை நாலும் நிஜம்.' வேலை முடிஞ்சுது. நகரு, வெளிச்சத்த மறைக்கற.

— விளையாடாதக்கா. அஞ்சு மணிக்குள்ள ஒரு வரி அனுப்பணும். 'எதிர் கம்பெனி போன்ல இல்லாதது நம்ம போன்ல என்ன இருக்கு?' இதுக்கு ஒரே ஒரு பதில். இல்லன்னா நாளையிலேர்ந்து விளம்பரம் எழுத வேற ஆள். மேடம் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க.

— உங்க மேடம் வருஷா வருஷம் சொல்றதுதானே.

— இந்தத் தடவை வாயால மட்டும் சொல்லல. ஒரு பையனக் கூட்டிட்டு வந்து என் நாற்காலியில உக்கார வெச்சுப் பார்த்தாங்க. உயரம் சரியா இருக்கான்னு கேட்டாங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்.

— அடப்பாவி. அவன் என்ன சொன்னான்?

— கொஞ்சம் தாழ்வா இருக்குன்னான். எழுந்து நின்னு ஏத்திக் குடுத்தேன். என் நாற்காலி, எனக்குத்தானே அதோட கைப்பிடி எங்க இருக்குன்னு தெரியும்.

— சிரிக்கக் கூடாதுதான். ஆனா சிரிப்பு வருது. சரி, ஏன் உன்மேல இவ்வளவு கோபம்?

— ரெண்டு வருஷமா ஒரே வரி எழுதியிருக்கேன். 'முன்னைவிட வேகம், முன்னைவிட அழகு.' போன வருஷமும் அதுதான், அதுக்கு முந்தின வருஷமும் அதுதான்.

— யாரும் கண்டுபிடிக்கலயா?

— எங்க ஆபீஸ்ல யாரும் கண்டுபிடிக்கல. எதிர் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிட்டான். இந்த வருஷம் அவன் அதையே போட்டுட்டான்.

— சரிதான் போ. நீ உன்கிட்டேர்ந்து திருடின, அவன் உன்கிட்டேர்ந்து திருடினான். கண்ண மூடு.

— எதுக்கு?

— மூடுடா. உன் போனையும் எதிர் கம்பெனி போனையும் கவுத்துப் போட்டுட்டேன். இப்ப திற. எது உங்க கம்பெனியோடது?

— இது என்ன பெரிய விஷயமா? இதுதான்.

— அது அவங்களோடது.

— வெளிச்சம் சரியில்ல.

— இந்த விளக்குல நான் கடுகு அளவு ஸ்க்ரூவுல இருக்கற விரிசலப் பார்க்கறேன். வெளிச்சத்தச் சொல்றான். நிறத்துக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?

— எங்களது 'விடியல் நீலம்'. அவங்களது 'வைகறை நீலம்'.

— ரெண்டும் சாம்பல் கலர்டா.

— தெரியும்.

— ஓரத்த ஏன் மறுபடியும் உருண்டையா ஆக்கிட்டீங்க? போன வருஷம் தட்டையா இருந்ததுக்குத்தானே ஒரு நோட்டீஸ் நிறைய எழுதித் தள்ளின?

— அதுக்கு முந்தின வருஷம் உருண்டையா இருந்ததுக்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். அந்த நோட்டீஸ எடுத்து வெச்சிருக்கேன். அதுதான் இப்ப ஒரே ஆறுதல்.

— சார்ஜர்?

— டப்பாவுல கிடையாது. நாங்க எடுத்தப்ப எதிர் கம்பெனி கேலி பண்ணி விளம்பரம் போட்டான். மூணே மாசம், அவனும் எடுத்துட்டான். நாங்க திருப்பிக் கேலி பண்ணலாம்னு பார்த்தோம், எங்களுக்கும் அதே நிலைமை. விட்டுட்டோம்.

— ஏதோ இந்தப் போனுக்கு அறிவு இருக்குன்னு ஒரு மாசமா பெருமை அடிச்சியே, அத எழுதேன்.

— அது அவன்கிட்டயும் இருக்கு. முகத்தப் பார்த்து, 'நீங்க களைப்பா இருக்கீங்க, ஓய்வெடுங்க'ன்னு சொல்லும்.

— அத உங்க மாமாவே என்கிட்ட தினமும் சொல்றார். சார்ஜ் போடாமலே.

— அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். நீ எத்தனை போன் பார்த்திருக்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. சின்னதா இருந்தாலும் போதும், நான் ஊதிப் பெருசாக்கிக்கறேன்.

— வெளிய பார்த்து எப்படிச் சொல்றது? திறந்தாத்தான் தெரியும். பின்மூடிய கொஞ்சம் சூடு பண்ணி எடுத்தா, பேட்டரி யாரோடது, போர்டு யாரோடதுன்னு புட்டுப் புட்டு வைப்பேன்.

— ஐயோ வேண்டாம். வெளியாகற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். தொட்டுப் பாரு, தடவிப் பாரு. திறக்காத.

— சரி, திறக்கல.

— உன் கை சும்மா இருக்காது. எனக்குத் தெரியும். சின்ன வயசுல என் பொம்மைக் காரக் கழட்டி ஒரு வாரம் கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சவதானே நீ.

— அது ஓடாமத்தானே இருந்துது.

— நீ கழட்டினதுக்கு அப்புறம்தான் ஓடல. சத்தியமா.

— ரொம்ப முக்கியம் இப்ப. போ, டீ குடிச்சிட்டு வா. முகத்தப் பார்த்தா இந்தப் போன் கத்திடும்போல இருக்கு.

— கால் மணி நேரத்துல வந்துடறேன். திறக்காத.

— திறக்கல போடா.

— வந்துட்டேன். டீக்கடை மூடியிருக்கு. என்னக்கா, எதையோ டிராயர்ல தள்ளற?

— ஒண்ணுமில்ல. குப்பை. இவ்வளவு சீக்கிரமா வந்து நிப்பான்னு யாருக்குத் தெரியும்.

— போன் எங்க? குடு... அக்கா. இங்க பாரு. அக்கா, இதப் பாரேன்.

— என்ன?

— முதுகு திறக்குது. நகத்தால லேசா நெம்பினேன், தகரடப்பா மூடி மாதிரி வந்துடுச்சு. பேட்டரி தெரியுது. கையாலயே எடுக்கலாம்போல இருக்கே. திருப்பி வெச்சா டக்குன்னு உக்காருது.

— தம்பி, அத கீழ வை. முதல்ல நீ உக்காரு.

— உக்கார்றதா? இப்பல்லாம் எந்தப் போன்லயாவது பின்மூடிய கையால திறக்க முடியுமா? நீயே சூடு பண்ணி, தகடு விட்டுப் போராடுவ. அத்தனையும் ஒட்டித்தானே வர்றது. இத ஏன் ஒருத்தனும் என்கிட்டச் சொல்லல?

— ஏன்னா அது வந்து... டேய், யாருக்கு போன் போடற?

— மேடத்துக்கு. மேடம், நான்தான். காதுகிட்ட சத்தம் வராது, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— ஏங்க, நம்ம கம்பெனி போன்தானே வெச்சிருக்கீங்க? அதுல காதுகிட்ட சத்தம் வராதா?

— போன மாசத்துலேர்ந்து வரல மேடம். அதை விடுங்க. வரி கிடைச்சிடுச்சு. 'நம்ம போன்ல பின்மூடி கையால திறக்கும். பேட்டரிய நீங்களே மாத்தலாம்.'

— என்ன சொல்றீங்க? இது எனக்கே தெரியாதே.

— எனக்கும் இப்பத்தான் தெரியும். கைல வெச்சுக்கிட்டுச் சொல்றேன். சத்தியமா.

— இந்த இன்ஜினியர்கள் இப்படித்தான், புரியுதா? தங்கத்தச் செஞ்சு தகரத்துல சுத்தி வெச்சுடுவாங்க. இருங்க கவிஞரே, அவங்க தலைவரக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்.

— அக்கா, கேட்டியா? 'கவிஞரே'ன்னு கூப்பிட்டாங்க. ஆறு மாசமா 'ஏங்க'தான்.

— கேட்டேன். தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்.

— இரு, நான் முதல்ல சொல்லிடறேன். உனக்கு வருத்தமா இல்லயே? இனிமே பேட்டரி மாத்த ஒருத்தரும் உன் கடைக்கு வரமாட்டாங்க. தம்பி எழுதின வரியில அக்கா பொழப்பு போச்சுன்னு நாலு பேர் சொல்லக் கூடாதில்ல.

— என் பொழப்பப் பத்தி நீ கவலப்படாத. உன் பொழப்பப் பத்திப் பேசலாம்.

— அதோ, மேடம்தான். சொல்லுங்க மேடம்.

— கேட்டுட்டேன். இன்ஜினியர் தலைவர் முதல்ல எந்தப் போன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம், 'ஆமா மேடம், எங்க டீமோட மூணு வருஷ உழைப்பு, நேரம் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தோம்'னார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, புரியுதா? அவருக்குத்தான், எனக்கு இல்ல.

— மூணு வருஷமா?

— நெட்ல போஸ்டர் போட்டாச்சு. 'மனம் திறந்த போன்.' உங்க வரியக் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினேன். இன்னொரு விஷயம். எதிர் கம்பெனி இப்பத்தான் அறிவிச்சிருக்கான், அடுத்த மாசம் அவனோடதும் திறக்குமாம். அவன் அஞ்சு வருஷமா உழைச்சிட்டிருந்தானாம்.

— அதுக்குள்ளயா மேடம்?

— நம்ம ஆபீஸ்ல பேசினது அவங்க ஆபீஸுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா நாம முந்திட்டோம். நாளைக்கு மேடையில நான் நகத்தால திறந்து காட்டறேன். வர்ற விருந்தாளிங்க நாப்பது பேருக்கும் ஆளுக்கொரு போன், எல்லாரும் என்னோட சேர்ந்து திறக்கறாங்க. நீங்க முன்வரிசையில உக்காருங்க. அந்தப் பையன வேற இடம் பார்க்கச் சொல்லிட்டேன். வெக்கறேன்.

— அக்கா, முன்வரிசை. ஏன் உம்முன்னு இருக்க? ஒரு வார்த்தை நல்லா எழுதினடான்னு சொல்லேன்.

— அந்த டிராயரத் திற.

— எதுக்கு?

— திறடா.

— என்ன இது? கறுப்பா, ரப்பர் துணுக்கு மாதிரி சுருள் சுருளா... கைல ஒட்டுது.

— உங்க போனோட பசை.

— எந்தப் போனோட?

— நீ கைல பிடிச்சிருக்கியே, அந்தப் போனோட. நீ டீக்குப் போனதும் சூடு பண்ணித் திறந்தேன். எல்லாப் போன் மாதிரி அதுவும் இறுக்கமா ஒட்டித்தான் இருந்துது. உள்ள பேட்டரி எதிர் கம்பெனி போன்ல இருக்கறதேதான், ஒரே ஆலையோட முத்திரை. திருப்பி மூடணும்னா பழைய பசையச் சுரண்டிட்டுப் புதுசு வைக்கணும். சுரண்டி முடிச்சேன், நீ வந்து நின்னுட்ட. ஓரத்துல இருக்கற கொக்கியில சும்மா மாட்டி வெச்சேன்.

— திறக்காதன்னு சொன்னேனே.

— சொன்ன.

— மூணு வருஷ உழைப்புன்னாரே அந்த ஆளு.

— பத்து நிமிஷம். கைக்குப் பழகின தகடா இருந்தா எட்டு.

— அஞ்சு வருஷமா அவனும் உழைச்சானாமே.

— அவன் எதச் சுரண்டினானோ, யாருக்குத் தெரியும்.

— சிரிக்காதக்கா. முதல் தடவை நான் போன் போடும்போதே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?

— வாயத் திறந்தேன்டா. அப்புறம் உன் முகத்தப் பார்த்தேன். ஆறு மாசமா உன் முகத்துல சிரிப்பே இல்ல. வீட்டுக்கு வந்தா தட்டப் பார்த்துத்தான் சாப்பிடற. திடீர்னு சின்னப் பையன் மாதிரி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கற. எனக்கு வாய் வரல. தப்புதான். திறந்ததும் தப்பு, மூடாததும் தப்பு.

— இப்ப என்ன பண்றது? சும்மா இருந்துடலாமா? நாளைக்கு இந்தப் போன மேடத்துக்கிட்டக் குடுத்தா இது திறக்கும்.

— இது திறக்கும். மத்த நாப்பது? நாப்பது விருந்தாளிங்களும் நகத்த விட்டு நெம்பிக்கிட்டு நிப்பாங்க. உடையறது அவங்க நகம், போறது உன் வேலை.

— இன்னிக்குச் சொன்னாலும் போகும்.

— போகும். ஆனா இன்னிக்குப் போனா மூடின அறையில போகும். நாளைக்குப் போனா மேடையில போகும். எந்த வழியிலயும் நான் உன்கூட இருக்கேன். என் பேரச் சொல்லு. கை வெச்சது அக்காதான்னு சொல்லு, அதுதானே நிஜம்.

— உன்ன மாட்டி விடவா?

— பொம்மைக் காருக்கு மாட்டி விட்டவன்தானே. போடு போன.

— மேடம், நான்தான். ஒரு நிமிஷம், நீங்க பேசாதீங்க. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

— போஸ்டர அஞ்சு லட்சம் பேர் பார்த்திருக்காங்க கவிஞரே, உங்கள யாரு திட்டப் போறா?

— அந்தப் போன் தானா திறக்கல மேடம். எங்கக்கா ரிப்பேர் கடை வெச்சிருக்காங்க. நான் இல்லாதப்ப சூடு பண்ணித் திறந்து, பசையச் சுரண்டிட்டாங்க. அதனாலதான் திறக்குது. மத்த எல்லாப் போனும் ஒட்டித்தான் இருக்கும். இன்ஜினியர் தலைவர் சொன்னது பொய். நான் சொன்னதும் பொய்தான், ஆனா எனக்கு அப்ப தெரியாது. தப்பு என்னோடது. போனத் தனியா விட்டுட்டுப் போனது நான்தான்.

— நானும் சொல்லிடறேன்மா. நான்தான் இவனோட அக்கா. கை வெச்சது நான். இவன் திறக்காதன்னு ரெண்டு தடவை சொன்னான். அவன விட்டுடுங்க.

— மேடம்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். யோசிக்கறேன்.

— காலைல வந்து மேஜையக் காலி பண்ணிடறேன் மேடம். அந்தப் பையனுக்கு நாற்காலி ஏற்கெனவே ஏத்தித்தான் இருக்கு.

— மேஜைய அப்புறம் பார்க்கலாம். கவிஞரே, உங்க அக்கா ஒரு நாளைக்கு எத்தனை போன் சுரண்டுவாங்க?