பிரிச்ச பாறை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, மேகம் வாசப்படியில வந்து படுத்துக்கிற பனியூத்துன்னு ஒரு மலையூரு. அங்க சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம்.

அந்த ஊர்ல அப்போ எல்லாருக்கும் ஆட்டுத்தோல் அங்கிதான் உடுப்பாம். முடி உள்பக்கம், தோலு வெளிப்பக்கம். எந்தக் குளிரும் உள்ள நுழையாதாம்.

சடைச்சியோட அண்ணன் மாசாணன்தான் ஊர்த்தலைவன். ஒரு நாள் நாலு பேரோட அடிவாரச் சந்தைக்குப் போனானாம். அங்கியப் பாத்துட்டு ஒருத்தன் "ம்மே... ம்மே..."ன்னு கத்த, சந்தையே சிரிச்சுதாம். மாசாணனுக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஊருக்கு வந்ததும் வராததுமா, "இனி எவனும் தோலு உடுத்தக் கூடாது. துணிதான்"னுட்டான். அத்தன அங்கியையும் குவிச்சுத் தீ வச்சாங்களாம். சடைச்சி மட்டும், செத்துப்போன ஆத்தாவோட அங்கியப் பரண்ல ஒளிச்சு வச்சுக்கிட்டா.

வருசம் ஓடுச்சு. தோலு பதம் போடத் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தராப் போய்ச் சேந்தாங்க. அப்புறம் ஒரு மார்கழி. மழைன்னா மழை, ஒன்பது நாள் மழை! துணி நனைஞ்சு, மேச்சலுக்குப் போன ரெண்டு பேரு வெறைச்சே செத்தாங்களாம்.

பொணத்தப் பாத்த சடைச்சி நேரா வீட்டுக்குப் போயி, பரண்ல இருந்த அங்கிய எடுத்துட்டு வந்தா. மாசாணன் திட்டல. மெதுவாத்தான் கேட்டான்.

"ஒத்த அங்கி. மேச்சக்காரன் இருபது பேரு. யாருக்குக் குடுப்ப?"

"யாருக்கும் இல்லண்ணே. இதப் பிரிக்கப் போறேன்."

"அடிப்பாவி! ஆத்தாளோடதுன்னு இருக்கறது இது ஒண்ணுதானடி!"

"ஆத்தா எப்படி வெட்டுனா, எப்படித் தச்சான்னு இதுதானண்ணே சொல்லணும்? வேற யாரு இருக்கா?"

ஊருக்கு மேக்க ஒரு பாறை. அதுல உக்காந்து, முள்ளம்பன்றி முள்ளால தையல் தையலாப் பிரிச்சாளாம். பிரிக்கப் பிரிக்க அழுதாளாம், அழுதுக்கிட்டே பிரிச்சாளாம். துண்டெல்லாத்தையும் பரப்பி அளவு பாத்துக்கிட்டா.

இனித் தைக்கப் புதுத் தோலு பதமாகணுமே. மொதத் தோலச் சுண்ணாம்புல போட்டா, முடியெல்லாம் உதுந்து போச்சு. ரெண்டாவதுக்கு வெறும் உப்புத் தடவுனா, பலகையாட்டம் வெறைச்சு நின்னுச்சு. மூணாவதுக்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் இடிக்கிறா, இடிக்கிறா, கை கொப்புளிக்குது. மாசாணன் வந்து பக்கத்துல நின்னான்.

"உலக்கையக் குடு. நான் இடிக்கறேன்."

அம்புட்டுத்தான் பேச்சு. ரெண்டு பேருமா ஊற வச்சு, கசக்கி, இழுத்துக் காயப்போட்டாங்க. அந்தத் தோலு வெத்தலையாட்டம் மடங்குச்சாம்!

அடுத்த மார்கழிக்குள்ள ஊரே கூடி இருபது அங்கி தச்சுச்சு. அந்த மழைக்கு மேச்சலுக்குப் போன இருபது பேரும் திரும்பி வந்தாங்களாம்.

மாசாணன் அங்கியோட சந்தைக்குப் போனான். மறுபடியும் "ம்மே". இந்தத் தடவ தலை குனியல. "ஆமாய்யா, ஆடுதான். எங்க உசுரக் காத்த ஆடு. நல்லாச் சத்தமாக் கூப்புடு"ன்னானாம்.

ஆத்தாவோட அங்கி என்னாச்சுன்னுதான கேக்குறீங்க? சடைச்சி அதத் திரும்பச் சேக்கல. இருபது அங்கியிலயும் கழுத்துக்கு உள்ள ஒவ்வொரு துண்டா வச்சுத் தச்சுட்டா. இன்னைக்கும் பனியூத்துல புது அங்கி தச்சா, பழசுல ஒரு துண்டு வெட்டிக் கழுத்துல வைப்பாங்க. அந்தத் துண்டுக்குப் பேரே 'ஆத்தா'தான். சடைச்சி உக்காந்த பாறைக்குப் பேரு பிரிச்ச பாறை. மேச்சலுக்குக் கெளம்புறவன் அதத் தாண்டும்போது, வழியனுப்ப வந்தவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க:

"ஆத்தா கழுத்துல இருக்காளா?"

"இருக்கா"ன்னு சொல்லிட்டுத்தான் மலையேறுவான்.