தலைமேல் கை வைத்துச் சொன்னது

— சும்மா வாயால சொல்லியிருந்தா விட்டுருப்பேன் டேரல். அவன் தலைமேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ஆண்டவர் பேரால சொன்னே பாரு, அதான் எனக்கு ஆறமாட்டேங்குது.

— மெதுவா பேசு ஜனீல். மேல அவன் காதுல விழப்போகுது.

— குளிச்சுட்டு இருக்கான், தண்ணி சத்தம் கேக்குதுல்ல? அது நிக்கறதுக்குள்ள பேசி முடிக்கணும். பத்தரைக்கு நாம ஏர்போர்ட்ல இருக்கணும்.

— பேச என்ன இருக்கு? பையன் மிஷனுக்குப் போறான். பராகுவேல ரெண்டு வருஷம் ஊழியம். போறதுக்கு முன்னாடி அப்பன் தலைல கை வச்சு ஆசீர்வாதம் பண்றது நம்ம சபைல வழக்கம். நேத்துப் பண்ணேன். எங்கப்பாவும் எனக்குப் பண்ணாரு.

— "நீ திரும்பி வர்ற அன்னிக்கு உங்கம்மா ஏர்போர்ட்ல நின்னு உன்னைக் கட்டிப்பிடிப்பா." உங்கப்பா இந்த மாதிரி ஏதாவது சொன்னாரா?

— இல்ல, வந்து... போற ஊர்ல நாய் கடிக்காதுன்னு சொன்னாரு.

— கடிச்சுதா?

— ரெண்டு தடவை.

— நல்லா இருக்கு. கிறிஸ்மஸ் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு டேரல். இது ஆகஸ்ட். என் வயித்துக்குள்ள இருக்கற கட்டி ரெண்டு வருஷம் காத்துட்டு இருக்குமா?

— அவன்கிட்ட மறைக்கலாம்னு சொன்னதே நீதான். நான் மே மாசமே சொல்லிடலாம்னேன். கேட்டியா?

— மறைக்கச் சொன்னேன். ஆமா. தெரிஞ்சா போகமாட்டான், என் கட்டில் பக்கத்துலயே உக்காந்துப்பான், அது எனக்கு வேண்டாம்னேன். இல்லாததைச் சொல்லச் சொன்னேனா? நான் போனப்புறம் அந்தப் பிள்ளை அங்க தனியா உக்காந்து என்னன்னு நினைப்பான்?

— நீயும்தானே ஆமென் சொன்னே.

— என்னது?

— நான் முடிச்சதும் எல்லாரையும்விட சத்தமா நீதான் ஆமென் சொன்னே. கேட்டேன்.

— பின்ன, என் தங்கச்சி, அவ புருஷன், பிள்ளைங்கன்னு கூடம் நிறைய ஆளுங்க. நான் மட்டும் சும்மா நின்னா எல்லாரும் என்னைத்தானே பாப்பாங்க?

— இல்ல, வந்து... பாரு ஜனீல். நான் யோசிச்சு சொல்லல. அவன் நல்லா இருக்கணும், மொழி சீக்கிரம் வரணும், இதெல்லாம்தான் மனசுல வச்சிருந்தேன். அப்புறம் அந்த வார்த்தை தானா வந்துச்சு. முப்பது வருஷமா எத்தனையோ பேர் தலைல கை வச்சிருக்கேன். அந்த மாதிரி வந்ததே இல்ல. நம்பு.

— அது உன் ஆசை. ஆசை பேசிருச்சு.

— பேசினது ஆண்டவரா இருந்தா?

— அவரா இருந்தா எனக்கு இந்த வலி எதுக்கு? காலைல கஞ்சி ரெண்டு வாய் இறங்கல. ஃபிரிட்ஜைத் திற, வழியனுப்ப வந்தவங்க கொண்டாந்த சீஸ் உருளைக்கிழங்கு மூணு தட்டு இருக்கு. அதையே குளிர்காலத்துல திரும்பவும் கொண்டாருவாங்க, என் சாவுக்கு. பாத்திரத்தைக் கழுவிக் குடுக்க மறந்துடாதே.

— ஜனீல், போதும்.

— போதாது. அவன் கீழ வந்ததும் நீயே சொல்லு. "டேன்னர், அது அப்பா சொன்னதுடா, ஆண்டவர் சொன்னதில்ல"ன்னு. அப்புறம் போறதும் இருக்கறதும் அவன் இஷ்டம்.

— கிளம்பற அன்னிக்கா? என் கை வெறும் கைன்னு என் பிள்ளைகிட்ட சொல்லச் சொல்றியா?

— ஆமா.

— அம்மா, தண்ணியை நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் கேக்கல.

— டேன்னர்! எப்படா வந்தே? வா, டை கோணலா இருக்கு.

— ரெண்டு நிமிஷமா படியில நிக்கறேன். விடும்மா, எனக்குத் தெரியும். ஜூலைலயே தெரியும்.

— யார் சொன்னா?

— யாரும் சொல்லல. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்களே, நம்ம சபை சிஸ்டர் ஹட்ச், அவங்க சர்ச்சுல என்னைக் கட்டிப்பிடிச்சு அப்படி அழுதாங்க. மிஷனுக்குப் போறவனைப் பாத்து யாரும் அப்படி அழமாட்டாங்க. வீட்டுக்கு வந்து உன் மாத்திரை பேரைத் தேடிப் பாத்தேன்.

— அப்ப ஏண்டா வாயைத் திறக்கல?

— நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நேத்துக் காலைல நம்ம சபை பிஷப்கிட்ட போய், நான் போகலைன்னு சொல்லிட்டேன்.

— டேன்னர், நீ... பிஷப் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— நான்தான் வேண்டாம்னேன்ப்பா. அவரு, "சாயங்காலம் உங்கப்பா ஆசீர்வாதம் பண்ணுவாருல்ல, அதை வாங்கிக்கோ, அப்புறம் முடிவு பண்ணு"ன்னாரு. அதனாலதான் நாற்காலில உக்காந்தேன். நீங்க கை வச்சதும் மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நான் வரும்போது அம்மா இருப்பாளான்னு. யாருக்கும் கேட்டிருக்காது. ஆனா பதில் வந்துச்சு.

— இல்ல, வந்து... டேன்னர், அதைப் பத்தித்தான் அம்மாவும் நானும்...

— படியில கேட்டேன்ப்பா. அம்மாவுக்குப் பயம், அவ்ளோதான். உங்களுக்கே தெரியாம உங்க வாய்ல வந்துச்சுன்னா அது யார் சொன்னது? எனக்கு இப்ப பயமே இல்ல. நேத்து ராத்திரிதான் ஒரு மாசத்துல முதல் தடவையா தூங்கினேன்.

— டேன்னர், உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும்.

— டேரல், நீ போய் காரை எடு.

— ஜனீல், நீதானே இப்ப...

— காரை எடுங்கறேன்.

— அம்மா, நான் திரும்பி வரும்போது நிப்பேல்ல? ஏர்போர்ட்ல?

— நிப்பேன்டா கண்ணு. எல்லாருக்கும் முன்னாடி நிப்பேன். நீ என்னைத் தேடவே வேண்டாம். போ, ஷூவைப் போடு.

— இதைப் படிக்கறவங்களுக்கு டேரல் எழுதறேன். ஜனீல் நவம்பர் ஒன்பதாம் தேதி போயிட்டா. டேன்னர் வரல, அங்கயே இருந்துட்டான். திங்கக்கிழமை திங்கக்கிழமை கூப்பிடுவான், அந்த வாரம் யார் வீட்டுக் கதவைத் தட்டினான், மழையா வெயிலான்னு சொல்லுவான், அவளைப் பத்திப் பேசமாட்டான். போன திங்கக்கிழமை ஃபோனை வைக்கறதுக்கு முன்னாடி, "அப்பா, அன்னிக்குப் பேசினது நீங்களா, அவரா?"ன்னு மட்டும் கேட்டான். நான்தான்னா, அவன் அம்மாவோட கடைசி மூணு மாசத்தை அவன்கிட்டேர்ந்து பிடுங்கினவன் நான். அவர்தான்னா, அவன் அங்க வீடு வீடா போய் யாரைப் பத்திச் சொல்லிட்டு இருக்கான்? லைன் சரியில்லைன்னு சொல்லி வச்சுட்டேன். வர்ற திங்கக்கிழமை திரும்பக் கேப்பான். உங்கள்ல யாராவது பெத்த பிள்ளை தலைல கை வச்சு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனுக்கு நான் என்ன பதில் சொல்லணும்னு தயவுசெஞ்சு எழுதுங்க.