ஹிமேனா அம்மா வெளியேறினார்

— திரும்பச் சேர்த்துடுங்க, ஆக்ஸெல் அம்மா. எங்கயாவது கை பட்டிருக்கும்.

— கை பட்டா? மூணு வரி எழுதி, நன்றி சொல்லி, அதுக்கப்புறம் பள்ளி அம்மாக்கள் குரூப்பை விட்டு வெளியேறியிருக்கு. கை அவ்வளவு நேரமா படும்?

— நீங்கதானே அட்மின். ஒரு நிமிஷ வேலை.

— ஒரு நிமிஷ வேலைதான். செய்ய மாட்டேன். முதல்ல என் கண்ணாடியைப் பாருங்க, ஹிமேனா அப்பா. மூக்குல நிக்காம வழுக்குது. இதைச் சாக்கா வச்சுத்தான் உங்க கடைக்கு வந்தேன், ஒத்துக்கறேன். அந்தக் கதவையும் சாத்துங்க, இந்தப் பச்சூக்கா ஊர்க் காத்துல பேசறது எனக்கே கேக்கல.

— குடுங்க. திருகு தளர்ந்திருக்கு.

— சொல்றேன் கேளுங்க. உங்க வீட்டுக்காரி மாரிசோல் போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. அவ ஃபோன்ல இருந்து நீங்கதான் பதில் போடறீங்கன்னு எங்க முப்பத்தெட்டு பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கல. "சரி." "கொண்டு வர்றேன்." அவ்வளவுதான் வரும். மாரிசோலா இருந்தா ஒரு சரிக்கு ஏழு பூ போடுவா.

— ஆமா. போடுவா.

— அடக்கம் முடிஞ்ச மறுநாள் வந்துச்சே, "ஹிமேனா அம்மா: பசை, அட்டை, சரி"ன்னு. நான் அடுப்படியிலேயே உக்காந்துட்டேன். சோறு கருகினது தெரியல.

— கைவேலைக்குப் பொருள் கேட்டிருந்தீங்க. பதில் போடணும்ல.

— போடணும்தான். உங்க நம்பரைச் சேர்க்கட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டேன். இதுவே போதும்னுட்டீங்க.

— இப்பவும் அதையேதான் சொல்றேன். மாசாமாசம் அதுக்கு ரீசார்ஜ் பண்றேன். அந்த நம்பர் குரூப்ல இருக்கட்டும்.

— எதுக்கு?

— இருக்கட்டும்.

— எதுக்குன்னு சொல்லுங்க, யோசிக்கறேன்.

— காலையில அந்த ஃபோன் அடிக்கும். "ஹிமேனா அம்மா, நாளைக்கு வெள்ளைச் சட்டை"ன்னு யாராவது எழுதியிருப்பாங்க. இப்ப அவளை வேற யாரும் கூப்பிடறதில்ல.

— மாதாவே.

— சேர்ப்பீங்களா?

— மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, உள்ள உருளைக்கிழங்கு வச்சுச் சுட்ட பாஸ்தே, அடுப்புல இருந்து இறக்கி நேரா கொண்டு வந்தேன். சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. உங்க செய்தி என்ன வேலை பண்ணியிருக்குன்னு உங்களுக்கே தெரியாது.

— என்ன வேலை?

— டானியா இருக்கால்ல? அவ பையன் கெரெத்தாரோவுக்குப் பள்ளி மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் நம்ம குரூப்ல இருந்தா. சத்தத்தை அணைச்சு வச்சுட்டு, தினம் நூத்தம்பது செய்தியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டு இருந்திருக்கா. வெளிய போனா பேரோட ஒரு வரி விழுமே, திமிர் புடிச்சவன்னு பேசுவாங்களேன்னு பயம். உங்க செய்தி வந்து பத்தே நிமிஷம். "என் மகன் இங்க படிக்கல. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. எல்லாரும் நல்லா இருங்க"ன்னு எழுதிட்டுப் போயிட்டா.

— நல்லது.

— அவ பின்னாடியே மூணு பேர். ஒருத்திக்கு நம்ம பள்ளியில பிள்ளையே கிடையாதாம். முகக் க்ரீம் விக்கத்தான் உள்ள வந்தாளாம். அதையும் எழுதிட்டே போனா. யாரும் ஒரு வார்த்தை திட்டல. மூணு வருஷமா அங்க நான் பாக்காத மரியாதை. என் வீட்டுக்காரர் அண்ணன் தம்பிங்க குரூப்ல இருந்து தப்பிக்கப் புது நம்பர் வாங்கினவரு, தெரியுமா? மறுநாளே அதையும் சேர்த்துட்டாங்க. அவருக்கு உங்க செய்தியைப் படிச்சுக் காட்டினேன். இப்படிச் சொல்லத் தெரியாமத்தான் நான் சிம் கார்டுக்குக் காசு அழுதேனான்னாரு.

— என்ன எழுதியிருந்துச்சு?

— எழுதினவரு நீங்க, என்னைக் கேக்கறீங்க. சோதிக்கறீங்களா? எனக்கு மனப்பாடம். "ஹிமேனா அம்மா மே பத்துக்கு வர மாட்டாங்க. அவங்க இறந்துட்டாங்க. தினமும் அவங்களைக் கூப்பிட்டதுக்கு நன்றி."

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— "ஹிமேனா அம்மா மே பத்துக்கு வர மாட்டாங்க. அவங்க இறந்துட்டாங்க. தினமும் அவங்களைக் கூப்பிட்டதுக்கு நன்றி." இதுல ஒரு குறை இருக்கா, குத்தல் இருக்கா? நாங்க குத்தலுக்குத் தகுதியானவங்கதான். மே பத்து, அன்னையர் தினத்துக்கு அம்மாவும் பிள்ளையும் ஜோடியா ஆடணும்னு நேத்து பட்டியல் போட்டவ நான். ஒவ்வொருத்தியா பேரைச் சேர்த்துக்கிட்டே வந்தாங்க. இருபத்தாறாவதா உங்க வரி. "ஹிமேனா அம்மா, வர்றேன்."

— எல்லாரும் போட்டாங்க. நானும் போட்டேன். எதுக்குன்னு படிக்கல.

— தெரியும். கூப்பிட்டுச் சொல்லலாம்னா வாய் வரல. அந்தப் பேரை அழிக்கலாம்னா கை வரல. முப்பத்தெட்டு பொம்பளைங்க, ஒருத்திக்கும் துப்பில்ல. நீங்க மூணே வரியில அதை எழுதிட்டீங்க. எங்களை யாரையும் தலை குனிய வைக்காம.

— உங்க ஃபோனைக் காட்டுங்க.

— இந்தாங்க. கண்ணாடி உங்க கையில இருக்கு, எனக்கு எல்லாம் புகை. செய்திக்குக் கீழ சாம்பல் கலர்ல ஒரு வரி இருக்கும் பாருங்க. "ஹிமேனா அம்மா வெளியேறினார்." எங்க எல்லார் ஃபோன்லயும் மாரிசோல் அந்தப் பேர்லதானே இருக்கா. செய்தியைப் படிச்சப்பகூடத் தாங்கிக்கிட்டேன். அந்த வரியில உடைஞ்சுட்டேன்.

— பன்னெண்டு இருபது.

— ஆமா, பகல்ல. இன்னிக்கு வாத்தியார்களுக்குக் கூட்டம், பசங்களுக்கு லீவு. ஆக்ஸெலும் தங்கச்சியும் வீட்டை ரெண்டாக்கிக்கிட்டு இருந்ததுங்க. நான் அழறதைப் பாத்து ரெண்டும் அடங்கிப்போச்சு. உங்க பொண்ணு என்ன பண்றா?

— வீட்ல இருக்கா. என் அக்கா வந்திருக்கா.

— நல்லதாப் போச்சு.

— ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு.

— "இறந்துட்டாங்க"லதானே. பாத்தோம். நீங்க ஒரு புள்ளிகூடத் தப்பா வைக்காத ஆளு. அழுதுக்கிட்டே எழுதியிருப்பாருன்னு பேசிக்கிட்டோம்.

— நான் அழல.

— அழலைன்னா குறைஞ்சுடாது. என்ன ஆச்சு, திருகு கீழ விழுந்துடுச்சா?

— எடுக்கறேன்.

— மெதுவா எடுங்க, அவசரமில்ல. சொல்றேன் கேளுங்க. மத்தவங்க எல்லாம் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டோம். மே பத்து அன்னிக்கு ஹிமேனாவோட நீங்க ஆடறீங்க. வெள்ளைச் சட்டை போதும். சிவப்புப் பாவாடை கட்டச் சொல்ல மாட்டோம், பயப்படாதீங்க.

— எனக்கு ஆடத் தெரியாது.

— எங்களுக்கு மட்டும் தெரியுமா? போன வருஷம் நான் வாத்தியார் காலை மிதிச்சதை இன்னும் வீடியோ போட்டுச் சிரிக்கறாங்க. குரூப்புக்கு வர்றதுன்னா உங்க நம்பர், உங்க பேரு. எஃப்ரைன்னு சேர்ப்பேன். வேண்டாம்னாலும் சரி, என்ன விஷயமா இருந்தாலும் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போறேன். மாரிசோல் நம்பரை மட்டும் கேக்காதீங்க. அவ்வளவு அழகாச் சொல்லிட்டுப் போனவளைத் திரும்ப இழுத்து வந்து, பசை இருக்கா அட்டை இருக்கான்னு கேக்க என்னால ஆகாது.

— கண்ணாடியைப் போட்டுப் பாருங்க.

— நிக்குது. இப்பத்தான் உங்க முகம் தெரியுது. ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கீங்க?

— ஒண்ணுமில்ல.

— தப்பா ஏதாவது கேட்டுட்டேனா? இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அப்புறம் போயிடறேன். பதினாலு மாசமா எங்க யாராலயும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியல. உங்களாலயும் முடியல. இவ்வளவு தைரியம் இன்னிக்கு எங்க இருந்து வந்துச்சு?

— அந்த நம்பரைச் சேர்க்க வேண்டாம், ஆக்ஸெல் அம்மா. நான் காலையில இருந்து கடையிலதான் இருக்கேன். ஃபோன் வீட்ல, ஹிமேனாகிட்ட. அவளுக்கு எட்டு வயசு.