பதினோரு பேர் உள்ள குழு

லினக்ஸ் ஒன்றும் கடினமில்லை, ஐயா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு இரண்டு கணினிகளையும் அப்படித்தான் மாற்றினேன். பெரிய கம்பெனிகள் நம் பேச்சை ஒட்டுக் கேட்பது எனக்குப் பிடிக்காது. பிறகு என் மனைவி புஷ்பலதாவின் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் அகற்றி, எண்ணையும் மாற்றினேன். ஒரு பழைய கணினியைச் சர்வராக்கி, குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒரு குழு திறந்தேன்.

ஒருவரும் வரவில்லை. பாகான் டத்தோவில் இருக்கும் அவள் அக்கா துளசி, "லெச்சே லா தம்பி, இந்தத் தொல்லையெல்லாம் வேணாம், எனக்குப் பழசே போதும்" என்று சொல்லிவிட்டார். தாய் தகப்பன் இல்லாத புஷ்பாவுக்கு அந்த அக்காதான் எல்லாம். மூன்று வாரம் காலிக் குழுவைத் திறந்து திறந்து பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. நானே அக்கா பெயரில் ஒரு கணக்குத் திறந்து, "சாப்பிட்டியா புள்ள?" என்று எழுதினேன். அன்றைக்கு அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

கொஞ்ச நாளில் சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன் என்று பதினோரு பேர் சேர்ந்தார்கள். பதினோரு பேரும் நான்தான். எல்லாரும் ஒற்றுமையாக இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா, அதனால் சித்திக்கும் அண்ணனுக்கும் அவ்வப்போது சண்டை மூட்டிவிடுவேன். புஷ்பா நடுவில் புகுந்து சமாதானம் செய்வாள். அக்காவின் குரலைக் கேட்க வேண்டும் என்றபோது, "தோப்புல லைன் கிடைக்கல, எழுது புள்ள" என்று எழுதினேன்.

புஷ்பாவின் புது எண் தெரியாததால் உண்மையான அக்கா என் எண்ணுக்குத்தான் அழைத்தார். ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்றும் நான்கு தடவை சொன்னார். கூட்டிப்போனால் இருவரும் பேசிக்கொள்வார்கள்; குழு கலைந்துவிடும். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். ஐந்தாவது அழைப்பில் அவர் கணவர் உடையப்பன் அண்ணன் பேசினார். அக்கா இறந்துவிட்டார்.

பிறந்த வீட்டுக் கோடி போட வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. புஷ்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி, நானே சேலை வாங்கிக்கொண்டு போய்ப் போர்த்தினேன். முறையை விட்டுவிடவில்லை. திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி, "இன்னிக்கு ஒரே அலுப்பு புள்ள" என்று அக்கா பெயரில் எழுதினேன். அதன் பிறகும் தினம் எழுதினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் தங்கச்சி வராததால், மறுநாள் உடையப்பன் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். "சாகுற வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா" என்றார்.

"காலையிலதான் அக்கா சட்னி அரைச்சேன்னு சொன்னாங்க, மாமா" என்று புஷ்பா கைப்பேசியை நீட்டினாள்.

அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எதையும் மறைக்கவில்லை. பதினோரு பேரும் நான்தான் என்று இருவரிடமும் சொன்னேன். அண்ணன் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார். புஷ்பா என்னைப் பார்க்காமலே குழுவைத் திறந்து எழுதினாள்: "அக்கா, நான் வரலன்னு கோவமா?"

என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. "உன்மேல எனக்கு என்ன கோவம் புள்ள?" என்று உடனே பதில் போட்டேன்.

அதைப் படித்த பிறகுதான் அவள் கதறினாள். கோபமில்லை என்று அக்காவே சொன்ன பிறகும் எதற்கு அழுதாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா.