இன்னும் கொஞ்சம் ஏறட்டும்

சட்டை எடுக்கப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போக எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வராது. நீலத்தைக் கையில் எடுத்தால் பழுப்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். பழுப்புக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தால், நீலத்தை விட்டுவிட்டோமே என்று வீடு வரைக்கும் புலம்புவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. நீங்கள் என்னை ஏதோ திட்டம் போட்டுக் காரியம் செய்கிற ஆளாக நினைத்துக் கேள்வி கேட்கிறீர்கள். என் மனைவி கேட்டால் சிரித்துவிடுவாள்.

நான் லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளன். இந்த நகரத்தில் எங்கள் லிஃப்ட் எங்கே நின்றாலும் என் போன்தான் அடிக்கும். கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனபோது பழைய ஊழியர்களுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். சேமிப்பையும் போட்டு இன்னும் வாங்கினேன்.

அதற்குக் காரணம் என் சகலை. முன்பு ஒருமுறை அவரும் நானும் சேர்ந்து வேறொரு கம்பெனிப் பங்கு வாங்கியிருந்தோம். விலை கொஞ்சம் ஆடியதும் நான் பயந்துபோய் விற்றுவிட்டேன். அவர் வாங்கியதையே மறந்துவிட்டார். மறதிக்குக் கிடைத்த பரிசு ஒரு கார். விடுமுறை நாளானால் எங்கள் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். பின் சீட்டில் உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்கும்போதெல்லாம், இதில் ஒரு கதவாவது என்னுடையதாக இருந்திருக்கும் என்று தோன்றும். இனிமேல் எந்தப் பங்கையும் அவசரப்பட்டு விற்பதில்லை என்று அந்தப் பின் சீட்டில்தான் முடிவு செய்தேன்.

என் கீழ் ஒரு மெக்கானிக் இருந்தான். ஸ்பானர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையில் ஒரு ஸ்பானர் வைத்திருப்பான். சகலை குடியிருக்கும் கட்டடத்தில் எங்கள் புது மாடல் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சர்வீஸ் செய்யப் போனவன் என்னை மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு வரச் சொன்னான். பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கையில் டார்ச் அடித்துக் காட்டினான். தலைமுடி போல ஒரு விரிசல்.

"இது தேய்மானம் இல்ல சார். வார்ப்புலயே கோளாறு. இந்த மாடல் எல்லாத்துலயும் இருக்கும். மேல சொல்லிடுங்க சார், ஓட்டத்த நிறுத்திடலாம்" என்றான்.

சொல்லத்தான் நினைத்தேன் ஐயா. தயவுசெய்து அதை நம்புங்கள். சொன்னால் நகரம் முழுக்க அந்த மாடலை நிறுத்தவேண்டி வரும், பங்கு தலைகுப்புற விழும். ஆகவே எது முதலில், எது பிறகு என்பது மட்டும்தான் கேள்வி. முதலில் விற்பது, பிறகு சொல்வது. மோட்டார் அறையிலிருந்து படியிறங்கும்போதே போனை எடுத்துப் பார்த்தேன். அப்போது விற்றிருந்தால் அன்று சாயங்காலமே தலைமை அலுவலகத்தில் சொல்லியிருப்பேன், எல்லோரும் என்னைப் பாராட்டியிருப்பார்கள். ஆனால் அன்று பார்த்து விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிறதை யாராவது விற்பார்களா? இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டேன்.

மறுநாள் இறங்கியது. இறங்கும்போது விற்கிறவன் முட்டாள் என்று பொறுத்தேன். திரும்ப ஏறியது. திரும்ப ஏறத் தெரிந்தது இன்னும் மேலே போகாதா என்று பார்த்தேன். இப்படியே வாரங்கள் போயின. சாப்பிடும்போதும் போன், குளியலறையிலும் போன். ஒருநாள் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, யார் அவள் என்று கேட்டாள். விலைக் கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒருத்தி இருந்திருந்தாக்கூடத் தேவலாம்" என்று சொல்லி எழுந்துபோனாள்.

நடுவில் ஸ்பானர் வந்து கேட்டான். பதில் சொல்லாவிட்டால் அவனே மேலே பேசிவிடுவான் என்று தோன்றியது. மேலே சொல்லிவிட்டதாகவும், அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டதாகவும், அந்தக் கை இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அதற்குள் புதுசு வந்துவிடும் என்றும் சொன்னேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சொன்னா சரி சார்" என்றான். அவனுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பொறுப்பில்லாமல் இருந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் சகலையின் மனைவி, அதாவது என் கொழுந்தியாளிடம், இனிமேல் படியேறித்தான் போகவேண்டும், முழங்காலுக்கு நல்லது, பிள்ளைகளையும் பழக்கு என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவளும் கேட்டாள். "ஒரு சுத்து இளைச்சிட்டேன் அத்தான்" என்று எனக்கு நன்றி வேறு சொன்னாள். மற்ற வீட்டுக்காரர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று உங்கள் உதவியாளர் கேட்டார். லிஃப்ட் கம்பெனிக்காரனே எல்லோரையும் படியில் போகச் சொன்னால் என்ன ஏது என்று தோண்டித் துருவ மாட்டார்களா? வெளியே தெரிந்தால் விலை என்ன ஆகும்?

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் யாரோ புதிதாகக் குடிவந்தார்கள். சாமான்களை லிஃப்டில் ஏற்றலாமா என்று வாட்ச்மேன் தயங்கியிருக்கிறார். வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஸ்பானர்தான், பயப்படாதீங்க, எங்க சார் சோதிக்கச் சொல்லிப் பார்த்தாச்சு என்று தைரியம் சொல்லி, தானும் கூடவே ஏறியிருக்கிறான். உள்ளே இரண்டு இரும்பு பீரோக்கள். இரண்டாவது மாடியில் கதவு திறக்கும் முன்பே பிரேக்கின் கை முறிந்துவிட்டது. வேகம் கூடினால் கவ்விப் பிடிக்க வேறொரு பிடி உண்டு. அது கவ்வுகிற அளவுக்கு வேகம் வருவதற்குள் அடித்தளம் வந்துவிட்டது. பீரோக்கள் அவன்மேல் சரிந்தன.

வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தார். "மெக்கானிக் உள்ள மாட்டிக்கிட்டாரு. பேசறாரு சார், ஆனா ரத்தம் நிறையப் போகுது. கதவ வெளியிலருந்து எப்படித் திறக்கறது?" என்று கேட்டார். கதவைத் திறக்கத் தனியாக ஒரு சாவி உண்டு. ஸ்பானரின் சாவி அவனோடு உள்ளே இருந்தது. இன்னொன்று மோட்டார் அறையில், மின்பெட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

இதோ கூப்பிடுகிறேன் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

செய்தி வெளியே வருவதற்குள் விற்றாக வேண்டும் அல்லவா? ஆனால் நான்தான் சொன்னேனே, எனக்குச் சட்டை எடுக்கக்கூடத் தெரியாது. திரையைத் திறந்தால் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு முழு எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதைத் தொட்டதும் விற்றுவிடலாம் என்று விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். தொடுகிற நேரத்தில் வாட்ச்மேனின் அழைப்பு வந்து திரையை மறைத்தது. ஒதுக்கினேன். விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. திரும்ப ஏறக் காத்திருந்தேன். மறுபடி அழைப்பு. மறுபடி ஒதுக்கினேன். கடைசியில் அந்த எண் வந்தது, விற்றேன். உடனே வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னேன். சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டு தடவை தெளிவாகச் சொன்னேன்.

கதவைத் திறந்தபோது அவன் பேச்சு நின்றிருந்தது. கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் எனக்குத் தெரிவித்தீர்கள். உள்ளே இருந்தவன் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்பதை வாட்ச்மேன் சொன்னார். "சாருக்குப் போடுங்க, சார் எடுப்பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். அதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான் கல் இல்லை ஐயா.

அவன் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். அவர் ரொம்பக் கஷ்டப்பட்டாரா சார் என்று கேட்டாள். இல்லம்மா, விழுந்ததுமே போய்விட்டான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

என் கொழுந்தியாள் வெகுளி. உங்கள் ஆட்களிடம், "எங்க அத்தான் அப்பவே படியில போகச் சொன்னாரே" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். விரிசல் எனக்குத் தெரியும். ஸ்பானரிடம் பொய் சொன்னேன். போனை ஒதுக்கியதும் நான்தான்.

கம்பெனி என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். மெக்கானிக் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதுதான் காரணம் என்று அறிவித்துவிட்டது. பங்கு ஒரே ஒரு நாள் சறுக்கியது. அடுத்த வாரம் நான் விற்ற விலையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. சகலையும் எங்கள் கம்பெனிப் பங்கு கொஞ்சம் வாங்கி வைத்திருந்தார். அவர் விற்கவே இல்லையாம்.

என்மேல் ஒரு குற்றம் சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன் ஐயா. அன்றைக்கு நான் அவசரப்பட்டுவிட்டேன்.